மருந்தின் நான்காம் கூறு

நோயுற்றவர், நோய் தீர்க்கும் மருத்துவர், மருந்து, அம்மருந்தைப் பிழையின்றி அளித்து உடனிருப்பவர் என மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்பது, திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தை நிறைவு செய்யும் கருத்தாகும். முதல் மூன்றையும் போற்றும் உலகம் நான்காம் கூற்றை மறந்துவிடுகிறது. அம்மறதியின் விளைவை மேலை நாடுகளின் முதியோர் இல்லங்களில் தெளிவாகக் காணலாம்.

2009ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, இங்கிலாந்தின் 55 இல்லங்களில் வாழ்ந்த 256 முதியோரை ஆராய்ந்தது. ஒவ்வொருவரும் சராசரியாக 8 மருந்துகளை உட்கொண்டு வந்தனர். அவர்களுள் பத்தில் ஏழு பேருக்கு ஒரு மருந்துப் பிழையேனும் நேர்ந்திருந்தது. எழுதிக் கொடுத்தல், வழங்கல், உட்கொள்ளச் செய்தல், கண்காணித்தல் ஆகிய எல்லாப் படிகளிலும் பிழைகள் இருந்தன. இதனை ஒருவருடைய கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட இயலுமா?

முதுமையில் சிறுநீரகத்தின் ஆற்றல் குறைவதால், பல மருந்துகள் உடலில் நெடுநேரம் தங்குகின்றன. இரத்த அழுத்தத்திற்குத் தரப்படும் அம்லோடிபின் சிலருக்குக் கால் வீக்கத்தை உண்டாக்கும். அதனைப் புதிய நோயெனக் கருதிச் சிறுநீர் பெருக்கும் மருந்தைச் சேர்த்தால், முதியவர் நள்ளிரவில் பலமுறை எழ நேரிடும். தூக்க மாத்திரையும் உண்டவராயின் தள்ளாடி விழுவார், எலும்பு முறியும். மருந்துகளைத் தனித்தனியே நோக்கின் குற்றமில்லை. சேர்த்து நோக்குவார் இல்லாமையே குற்றம். அவ்வாறு நோக்கும் பயிற்சி பெற்றவர் மருந்தாளுநர்.

அமெரிக்கா இதனை முன்னரே உணர்ந்தது. அங்குள்ள செவிலியர் பராமரிப்பு இல்லங்களில், மருந்தாளுநர் ஒவ்வொருவரின் மருந்துப் பட்டியலையும் திங்கள்தோறும் ஆராய வேண்டும் என்னும் விதி 1974இல் பிறந்தது. அவர் குறையைச் சுட்டினால் மருத்துவர் அதனைக் கருத வேண்டும். மருந்தை மாற்றாவிடின் காரணத்தை எழுதிவைக்க வேண்டும். இவ்விதி நன்றே. எனினும், முதியவரின் முகம் பாராது ஏட்டை மட்டும் பார்த்தால், ஆய்வு வெறும் சடங்காகிவிடும்.

பிரிட்டனில் தக்க பயிற்சி பெற்ற மருந்தாளுநர் தாமே மருந்தெழுதவும் நிறுத்தவும் உரிமை பெற்றுள்ளனர். அத்தகையோரை இல்லங்களில் ஈடுபடுத்திய ஆய்வொன்றின் முடிவு 2023இல் வெளிவந்தது. சோர்வும் குழப்பமும் விளைக்கும் மருந்துகளின் சுமை குறைந்தது; ஆனால் ஆறு திங்களில் முதியோர் கீழே விழுதல் குறையவில்லை. இதனைக் காட்டி இம்முயற்சியே வீண் என்பாரும் உளர். அது பொருந்தாது. விழுதலுக்குக் காரணங்கள் பல. மருந்து அவற்றுள் ஒன்றே. தேவையற்ற மருந்திலிருந்து ஒரு முதியவர் விடுபட்டுத் தெளிந்த அறிவோடு உறவினரோடு உரையாடுவாராயின், அதுவே பெரும்பயன் அன்றோ?

ஆதலின், ஒவ்வொரு முதியோர் இல்லத்திலும் மருந்து முழுமைக்கும் பொறுப்பேற்கும் மருந்தாளுநர் ஒருவர் வேண்டும். முதியோரை நேரிற் காணும் கடமையும், வேண்டாத மருந்தை நிறுத்தும் அதிகாரமும் அவருக்கு வேண்டும். மருந்தைக் கொடுப்பது மட்டும் தொண்டாகாது. வேண்டாதபோது நிறுத்துவதும் தொண்டே. மாணவச் செல்வங்கள் இதனை நெஞ்சிற் கொள்வார்களாக!