பாவிய தரையும் பழகிய தண்ணீரும்



தொப்பூர்க் கணவாயை அடுத்த சிற்றூர் ஒன்றில் புது வீடு மந்திரிக்கச் சென்றிருந்தேன். பெங்களூரில் பணிபுரியும் மகன், பெற்றோருக்காகக் கடன் பெற்றுக் கட்டிய வீடு. கூடத்தில் தேக்குப் பலகை போன்ற லேமினேட் தரை பளபளத்தது. மூன்று மாதம் கழித்துச் சென்றபோதோ, பலகைகளின் ஓரங்கள் உப்பி எழுந்திருந்தன. சனிக்கிழமைதோறும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி வீடு கழுவுவது அந்த அம்மையாரின் நெடுநாள் வழக்கம். மகன் கடிந்துகொண்டானாம். "சாமி, என் வீட்டில் நடக்கவே எனக்குப் பயமாயிருக்கிறது" என்று கண்கலங்கினார்.

தவறு அவருடையதன்று. தரையின் இயல்பை அறியாததும், அதில் வாழப்போகிறவரைக் கேளாததுமே பிழை.

லேமினேட் தரை 1977-இல் ஸ்வீடன் நாட்டில் உருவாயிற்று. மரநாரைப் பிசினுடன் அழுத்திய பலகை, அதன்மேல் மரத்தின் படம் அச்சிட்ட தாள், அதற்கும் மேல் கடினமான பூச்சு. பூச்சு நீரைத் தாங்கும்; ஆனால் இணைப்புகளின் வழியே இறங்கும் நீரை மரநார் உறிஞ்சி உப்பிவிடும். உலர்ந்த பின்னும் அது பழைய நிலைக்குத் திரும்பாது.

தக்கைத் தரையோ, போர்ச்சுகல் முதலிய நாடுகளில் வளரும் ஒருவகை ஓக் மரத்தின் பட்டை. மரத்தை வெட்டாமல் ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை பட்டையை மட்டும் உரிப்பர். மிதிக்க மெத்தென்றிருப்பதால் முதியோரின் கால்களுக்கு இதமானது. ஆயினும் கட்டிற்கால் அழுந்தினால் பள்ளம் விழும். தேங்கும் நீர் இதற்கும் பகையே.

இவற்றைப் பாவ விரும்புவோர் முதலில் சிமெண்டுத் தளம் நன்கு உலர்ந்ததா எனக் காண வேண்டும். பாலிதீன் தாளொன்றைத் தளத்தில் விரித்து, நான்கு ஓரங்களையும் ஒட்டி ஒருநாள் விடுங்கள். அடியில் நீர் முத்துகள் தோன்றினால் பொறுத்திருங்கள். லேமினேட் பலகைகளை அந்த அறையிலேயே இரண்டு நாள் வைத்திருந்து, பின்னர் பாவுங்கள். பருவத்திற்கேற்ப அவை விரிந்து சுருங்குமாதலால், சுவரோரம் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அதை ஓரச் சட்டத்தால் மறைக்க வேண்டும், ஆணி அறையலாகாது. பிழிந்த துணியால் மட்டும் துடையுங்கள்.

சிறு கீறலை அதே நிறமுள்ள மெழுகால் அடைக்கலாம். உப்பிய பலகையை மாற்ற, அருகிலுள்ள சுவரோரத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி வர வேண்டும். ஆகவே ஒரு பெட்டிப் பலகையை மிச்சம் வைத்திருப்பது நன்று. ஒட்டிய தக்கை வில்லை பழுதானால், அதை மட்டும் உளியால் பெயர்த்துப் புதியதை ஒட்டலாம்.

தண்ணீர் ஊற்றிக் கழுவும் இல்லங்களுக்கு நம் நாட்டிலேயே நல்ல தரைகள் உள்ளன. சிவப்புக் காவி கலந்த சிமெண்டுத் தரை பல தலைமுறைகளைக் கண்டது. சிவகங்கை மாவட்டத்து ஆத்தங்குடிக் கற்களைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடியின்மேல் வண்ணமும் சிமெண்டும் மணலும் இட்டு வார்த்து, நீரில் ஊறவைத்தே உறுதியாக்குகின்றனர். நாளும் துடைக்கத் துடைக்க அவை மெருகேறும்.

அந்த மகன் இம்முறை தாயைக் கேட்டான். உப்பாத பலகைகள் மாடி அறைக்குச் சென்றன. கூடத்தில் சிவப்புத் தரை அமைந்தது. சென்ற சனிக்கிழமை அவ்வழியே போனேன். வாசற்படி வரை தண்ணீர் வழிந்தோடியது. உள்ளே துடைப்பத்தின் ஓசை கேட்டது.