நாலு வயலைப் பொறுக்கியது யார்?

ஏரல் வட்டாரத்தில் நெல் அறுவடை நெருங்கும்போதெல்லாம் ஒரு பேச்சு கிளம்புகிறது. "ஊர் பூராவும் வயல் கிடக்கு. நாலே நாலு வயலை அறுத்துப் பார்த்துட்டு இன்ஷ்யூரன்ஸ் பணம் உண்டு, இல்லைன்னு தீர்ப்புச் சொல்றானே, இது என்ன நியாயம்?" கோபம் சரியான கோபம்தான், குறிதான் தவறுகிறது. நாலு என்பதிலும் குறை உண்டு, அதற்குப் பிறகு வருவோம். அந்த நாலைப் பொறுக்கியது யார்? அதுவல்லவா முதல் கேள்வி!

2016-ல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் விதிப்படி, முக்கியப் பயிருக்குக் கிராமப் பஞ்சாயத்துக்குக் குறைந்தது 4 அறுவடைப் பரிசோதனை நடக்க வேண்டும். நெல் வயலில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து, அறுத்து, அடித்து, எடை போடுவார்கள். எந்த வயல், வயலுக்குள் எந்த மூலை என்பதைச் சமவாய்ப்பு எண்களைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும். மிராசுதார் வயலுக்கும் வாரக்காரன் வயலுக்கும், தலைமடைக்கும் கடைமடைக்கும் ஒரே வாய்ப்பு. அதிகாரியின் தயவுக்கு அதில் இடமே இல்லை. "ரோட்டோரம் இருக்கு, ஜீப் போகும்" என்று ஒரு வயலைக் கைகாட்டினால் அதற்குப் பெயர் மாதிரி அல்ல, மோசடி.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று பெரிய மனிதர்கள் பழமொழியை எடுத்து விடுகிறார்கள். ஒரே உலையில் வெந்த சோற்றுக்கு அது பொருந்தும். தாமிரபரணித் தண்ணீர் தலைமடைக்கும் கடைமடைக்கும் ஒரே மாதிரியா பாய்கிறது?

தூத்துக்குடி முத்துக் குளிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1961-ல் கடைசியாக நடந்தது. முத்துப்பாரிலிருந்து கொஞ்சம் சிப்பியை எடுத்து, முத்தைப் பிரித்து மதிப்புப் போட்ட பிறகே குளிப்பா இல்லையா என்று சர்க்கார் முடிவு செய்யும். பெரும்பாலான சிப்பியில் விலை போகும் முத்து இராது. பத்துச் சிப்பியை உடைத்தால் ஒன்றுமில்லை. அடுத்த பத்தில் ஒரு நல்முத்து வந்து விழும். பத்தை நம்பினவன் ஒன்று பிச்சைக்காரன், இல்லாவிட்டால் கோடீஸ்வரன்! ஆயிரம் ஆயிரமாக எடுத்தால் கூடைக்குக் கூடை வித்தியாசம் சுருங்கிவிடும். அப்போதும் மதிப்பு மாறும். ஆனால் ஒரு நடுவைச் சுற்றியே சிதறும். அந்தச் சிதறலுக்கும் கணக்கு உண்டு: மாதிரியை 4 மடங்காக்கினால் சிதறல் பாதியாகும், 16 மடங்காக்கினால் கால்வாசியாகும்.

இப்போது நம் நாலு வயலுக்கு வருவோம். ஒற்றை வயலை நம்பினால் வரும் தடுமாற்றத்தில் பாதி, நாலின் சராசரியில் அப்படியே தங்கி நிற்கிறது. பயிர் கருகிய ஊரில் நாலும் தப்பிப் பிழைத்த வயலாக விழுந்தால் ஊருக்கே நாமம்தான். பதினாறு வயலை அறுத்தால் அந்த ஆபத்து வெகுவாகக் குறையும். அதற்கு ஆளும் பணமும் இல்லை என்பார்கள். பிரீமியம் வசூலிக்க மட்டும் ஆள் இருக்கிறதாக்கும்!

எண்ணிக்கையைக் கூட்டினால் மட்டும் போதும் என்பவர்கள் 1936 அமெரிக்கத் தேர்தலைப் பார்க்கட்டும். 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகைக்குச் சுமார் 24 லட்சம் பேர் பதில் எழுதினார்கள். லாண்டன் ஜெயிப்பார் என்றது பத்திரிகை. 48 ராஜ்யங்களில் 46-ஐ ரூஸ்வெல்ட் வென்றார். பத்திரிகை பெயர் பொறுக்கியது டெலிபோன் புத்தகத்திலும் மோட்டார் கார் பதிவேட்டிலும்! வேலையில்லாதவன் வீட்டில் ஏது டெலிபோன்? மில்லில் கைக்கு எட்டின பாபினை எடுத்து நூல் நம்பர் பார்க்கிற மேஸ்திரிக்கும் இதே கதிதான்.

1950-ல் மகலனோபிஸ் முன்னின்று தொடங்கிய தேசிய மாதிரி சர்வேயின் கதையைக் கேளுங்கள். 2017-18 குடும்பச் செலவு சர்வேயின் முடிவை வெளியிட மாட்டோம் என்று மத்திய சர்க்கார் 2019 நவம்பரில் அறிவித்தது. தரம் போதாதாம். கிராமத்து மக்களின் செலவு சுருங்கியதாக அந்த அறிக்கை சொல்கிறது என்ற செய்தி அதற்குள் பத்திரிகையில் வந்துவிட்டது. மாதிரி கோணல் என்றால் எந்தப் பட்டியலில் கோணல், எத்தனை வீட்டில் கோணல் என்று அறிக்கையோடு சேர்த்து அப்போதே விரித்துக் காட்டியிருக்கலாமே? பூட்டி வைப்பானேன்?

விவசாயத் தொழிலாளித் தோழர்களே, அந்த ஐந்து மீட்டர் துண்டை அறுப்பது உங்கள் அரிவாள்தான். தராசைத் தூக்குவதற்கு முன் எண் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். பட்டியலில் உள்ள வயலும் நீங்கள் நிற்கிற வயலும் ஒன்றுதானா என்று சர்வே நம்பரைச் சரிபார்த்த பிறகு அறுங்கள்.