ருஷியச் செப்புக் காசு

ருஷிய தேசத்துப் பழைய செப்புக் காசு மதிப்பிழந்தமைக்கு உலோகத்தின் எளிமையே காரணமென்பாரோடு யாம் உடன்படோம். 1654-இல் போலந்துப் போர் மூண்டபின், ஜார் அலெக்ஸி செப்புக் காசிற்கும் வெள்ளிக் காசின் மதிப்பையே விதித்தார். போர்வீரர்க்குச் சம்பளம் செம்பில். குடிகள் செலுத்தும் வரியோ வெள்ளியில்! தாம் வழங்கிய காசைத் தாமே வாங்க மறுக்கும் அரசரை யார் நம்புவர்? தானிய விலை ஏறிற்று. 1662-இல் மாஸ்கோ நகர மாந்தர் கொலோமென்ஸ்கோயே அரண்மனைக்கே சென்று முறையிட்டனர். படைவீரர் பலரைக் கொன்று வீழ்த்தினர். மறுவருடம் அக்காசு ஒழிக்கப்பட்டது.

இவ்வளவு நிகழ்ந்தும், 1762-இல் மூன்றாம் பீட்டர், எலிஸபெத் அரசியார் வெளியிட்ட 5 கோபெக் காசுகளின்மேல் 10 என்று முத்திரையிடுவித்தார். (எடை மட்டும் கூடவில்லை!) அவ்வாண்டே அவரை நீக்கி அரியணையேறிய அவர் மனைவி காதரின், அவற்றை மீண்டும் 5 ஆக்கினார். காதரின் காசின் பருமனை வியப்போர் பலர். யாமோ, சில காசுகளில் இன்றும் மங்கித் தோன்றும் அப்பழைய முத்திரையையே முதலில் நோக்குவோம்.