பளபள பாடி... பாழான என்ஜின்! பழைய பெரிய கார் வாங்குவோர் உஷார்!

கடத்தூர்,

நாலு லட்சம் ரூபாய்க்கு ஏழு, எட்டுப் பேர் உட்காரும் வண்டி! யாருக்குத்தான் ஆசை வராது?

புது ஸ்கார்ப்பியோ வாங்குவதென்றால் பதினைந்து லட்சத்தை ஒட்டி எண்ணி வைக்க வேண்டும். பத்து வருஷம் ஓடியது என்றால் அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைத்து விடும். டிங்கரிங் பார்த்து, பெயிண்ட் அடித்து, சீட்டுக்குப் புது உறை போட்டு நிறுத்தினால் மாப்பிள்ளை மாதிரி நிற்கும். "சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டிண்ணே" என்று புரோக்கர் காதில் ஓதுவார். (இந்த நாட்டில் டாக்டர்களிடம் அத்தனை கார் எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை!)

மரவள்ளி விற்ற பணம், சீட்டு எடுத்த பணம், நகையை வைத்து வாங்கிய பணம் எல்லாம் கை மாறும். மூணாம் மாசம் வண்டி பட்டறையில் நிற்கும். பில்லைப் பார்த்தால் தலை சுற்றும்.

கோளாறு பெரும்பாலும் பாடியில் இல்லை. என்ஜினில்தான்! விற்பவருக்கு அது தெரியும். வாங்குபவருக்குத் தெரியாது. விலை மலிவின் ரகசியமே அங்கேதான் இருக்கிறது.

டெல்லியில் இருந்து...

தலைநகர் டெல்லியில் 10 வருஷத்துக்கு மேலான டீசல் வண்டி ஓடக்கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை நிலைநாட்டியது. 2025 ஜூலை 1-ந் தேதி முதல் இப்படிப்பட்ட வண்டிக்கு பங்க்கில் டீசலே ஊற்றக்கூடாது என்றார்கள். எதிர்ப்பு கிளம்பவே சில நாளிலேயே அதை நிறுத்தி வைத்தார்கள். கோர்ட்டு, கேசு என்று விவகாரம் அதன் பிறகும் நீண்டது.

அங்கே விலை போகாத வண்டி மற்ற மாநிலங்களுக்குத்தான் வரும். எட்டு, ஒன்பது வயசு டீசல் வண்டியை அங்கே பாதி விலைக்குத் தள்ளி விடுகிறார்கள். அந்த வண்டியெல்லாம் மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் டெல்லி நெரிசலில் முதல் கியர், இரண்டாம் கியரிலேயே உருண்ட வண்டிக்கு மீட்டரில் கிலோ மீட்டர் குறைவாகத்தான் காட்டும். என்ஜின் ஓடிய மணி நேரமோ அதிகம்!

தண்ணீர் குடித்த வண்டி!

இன்னொரு ரகம் வெள்ளத்தில் முங்கிய வண்டி. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிச்சாங் புயலிலும் சென்னையில் கார்கள் தண்ணீரில் நின்றதை டி.வி.யில் பார்த்தோம். அவ்வளவு தூரம் போவானேன்? பெஞ்சல் புயலின்போது 2024 டிசம்பர் 2-ந் தேதி காலை வரை ஒரே நாளில் ஊத்தங்கரையில் 50 சென்டி மீட்டர் மழை கொட்டியதே! ரோட்டோரம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் காகிதக் கப்பல் மாதிரி அடித்துச் செல்லப்பட்டதை ஊரே பார்த்தது. அரூர், கடத்தூர் பக்கமும் அந்த மழையை மறக்காது.

தண்ணீர் புகுந்த என்ஜினுக்கு என்ன ஆகும்? பிஸ்டன் காற்றை அமுக்கும். தண்ணீரை அமுக்க முடியாது. முங்கிய வண்டியில் சாவியைத் திருகினால் போச்சு. கனெக்டிங் ராடு வளைந்து விடும். சில சமயம் உடைந்து என்ஜின் பிளாக்கையே பொத்துக்கொண்டு வரும். சாதாரண இன்சூரன்சில் இதற்குப் பணம் கிடைப்பது கஷ்டம். என்ஜினுக்கென்று தனியாகப் பிரீமியம் கட்டியிருக்க வேண்டும். சரி செய்ய ஆகும் செலவு கட்டுப்படி ஆகாவிட்டால் கம்பெனி வண்டியையே கழித்துக் கட்டி ஏலம் விடும். ஏலத்தில் எடுப்பவர் கழுவித் துடைத்து, தட்டி நிமிர்த்தி மறுபடி ரோட்டுக்குக் கொண்டு வருவார்.

கண்டுபிடிக்க வழி உண்டு. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கோடு தெரியும். தரை விரிப்பைத் தூக்குங்கள். சீட்டு நகரும் கம்பியில் துரு இருக்கிறதா, ஸ்டெப்னி வைக்கும் குழியில் வண்டல் இருக்கிறதா என்று பாருங்கள். சென்ட் வாசனை தூக்கலாக அடித்தால் கூடுதலாக மூக்கை நுழையுங்கள்!

புகை சொல்லும் சேதி

பழைய டீசல் என்ஜினின் ஜாதகம் சைலன்சரில் எழுதியிருக்கிறது. கறுப்புப் புகை தள்ளினால் டீசல் சரியாக எரியவில்லை. இன்ஜெக்டர் அல்லது டர்போ மேல் சந்தேகம். நீலப் புகை வந்தால் என்ஜின் ஆயில் குடிக்கிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும், அல்லது டர்போவில் ஆயில் கசியும். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், கூலன்ட் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம்.

என்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். லேசாகக் காற்று வருவது சகஜம். குபுகுபுவென்று புகை மேலே அடித்தால் அதைத்தான் பட்டறையில் 'பேக் கம்ப்ரஷன்' என்கிறார்கள். போர் தேய்ந்து விட்டது என்று அர்த்தம். அந்த வண்டியை அங்கேயே விட்டு விட்டு டீ குடிக்கப் போகலாம்.

பில் எவ்வளவு?

பழைய பொலேரோ, சுமோவில் இருந்த என்ஜின் சாதாரண டீசல் பம்பு ரகம். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் யாரும் கை வைக்கலாம். பின்னாளில் வந்த சி.ஆர்.டி.ஐ. என்ஜின் அப்படி இல்லை. கார் டயரில் நாம் அடிக்கும் காற்றைப்போல் 500 மடங்குக்கு மேலான அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சும். அந்த ஓட்டை ரொம்ப நுணுக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கலப்பட டீசல், தண்ணீர் கலந்த டீசல் ஊற்றினால், டீசல் பில்டரை நேரத்துக்கு மாற்றாவிட்டால் இன்ஜெக்டர் காலி!

நாலு சிலிண்டருக்கு நாலு இன்ஜெக்டர். புதுசு ஒன்று வண்டியைப் பொறுத்து பதினைந்தாயிரம், இருபதாயிரம் என்று போகும். இன்னோவாவுக்கு அதற்கும் மேல். சர்வீஸ் செய்து போடலாம், நாலில் ஒரு பங்கில் முடியும். எத்தனை நாள் தாங்கும் என்பது செய்தவர் கையில்!

டர்போ என்பது நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் சாமான். தொப்பூர் கணவாயில் பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறி வந்து, நிறுத்தியதும் படக்கென்று சாவியைத் திருகி அணைத்தால் அங்கே ஆயில் ஓட்டம் நின்று போகும். சூட்டில் ஆயில் கரியாகும். ஒரு நிமிஷம் சும்மா ஓட விட்டு அணைப்பதற்குக் காசா, பணமா? டர்போ செட் மாற்றினால் நாற்பது, ஐம்பதாயிரம் போய் விடும்.

ஒரு கணக்குப் போடுவோம். இன்ஜெக்டர் நாலும் தலா 18 ஆயிரம் என்றால் 72 ஆயிரம். டர்போ 45 ஆயிரம். கிளட்சும் கூலியும் 30 ஆயிரம். ஆக 1 லட்சத்து 47 ஆயிரம்! நாலு லட்சத்து வண்டி ஐந்தரை லட்சம் ஆகிப்போச்சு. என்ஜினை முழுசாகப் பிரித்து போர் வேலை செய்வதென்றால் ஊர்ப் பட்டறையிலேயே ஒரு லட்சத்தை நெருங்கும். கம்பெனி சர்வீசில் இன்னும் மேலே.

பழைய 2.5 லிட்டர் இன்னோவா, டஸ்டர் டீசல், ஈகோஸ்போர்ட் டீசல் என்றால் இன்னொரு கண்டம் இருக்கிறது. அதுதான் டைமிங் பெல்ட். ரப்பர் பெல்ட் என்பதால் கெடு முடிந்ததும் மாற்றியே ஆக வேண்டும். ஓட்டத்தில் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். எப்போது மாற்றினார்கள் என்று பில் காட்டச் சொல்லுங்கள். பில் இல்லையா? மாற்றவே இல்லை என்று எண்ணி அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசல் வண்டியில் புகைக் கரியைப் பிடிக்கும் ஒரு வடிகட்டி உண்டு. நெடுஞ்சாலையில் நல்ல வேகத்தில் ஓடினால்தான் அந்தக் கரி எரியும். வீட்டிலிருந்து கடைக்கும், கடையிலிருந்து சந்தைக்கும் மட்டும் ஓட்டினால் அடைத்துக்கொள்ளும். மாற்றினால் பெரிய தொகை. தினம் கடத்தூருக்குள்ளேயே சுற்றுகிறவருக்கு டீசல் வண்டி எதற்கு என்பதே என் கேள்வி.

காலையில் போங்க!

வண்டி பார்க்கப் போனால் காலையில் போக வேண்டும். வருகிறேன் என்று முன்கூட்டிச் சொல்லக் கூடாது. பேனெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்னாடியே யாரோ ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். ஆறிய என்ஜின் எடுத்த எடுப்பில் பிடிக்கிறதா, தட்டுகிறதா, புகைக்கிறதா என்பதில்தான் சூட்சுமம்.

கூடவே நம்ம மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். விற்பவர் சொல்லும் மெக்கானிக் வேண்டாம். ஸ்கேனர் போட்டால் கம்ப்யூட்டரில் பதிந்திருக்கும் கோளாறு தெரியும். சில வண்டிகளில் உண்மையான கிலோ மீட்டரும் சிக்கும். மீட்டரைக் குறைப்பது இன்று ஐந்து நிமிஷ வேலை! 60 ஆயிரம் கிலோ மீட்டர் என்று காட்டும் வண்டியில் பிரேக் பெடல் ரப்பர் மொட்டையாக இருந்தால் எப்படி? இதற்கெல்லாம் ஆயிரம், இரண்டாயிரம் செலவாகும். ஒரு இன்ஜெக்டரின் விலையில் சிறு பங்குதான்.

என்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டையும் ஆர்.சி.யோடு ஒத்துப் பார்ப்பது கட்டாயம். என்ஜின் மாற்றிய வண்டியாக இருந்தால் ஆர்.சி.யில் பதிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் திருட்டு என்ஜினா என்று போலீஸ் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான், புரோக்கர் அல்ல. வெளி மாநில வண்டி என்றால் அந்த ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று வேண்டும். ஒரு வருஷத்துக்கு மேல் இங்கே ஓட்டினால் டி.என். 29 நம்பருக்கு மாற்றி ஆயுள் வரியும் கட்ட வேண்டும். இதை விலையோடு சேர்த்துக் கணக்குப் பார்க்காமல் ஏமாந்தவர் பலர்.

விற்பவருக்கும் ஒரு சேதி. சாவியைக் கொடுத்து விட்டு, பெயர் மாற்றத்தை அவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்து விடாதீர்கள். விபத்து நடந்தால் ஆர்.சி.யில் யார் பெயரோ அவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வண்டி நாலு கை மாறியிருந்தாலும் சரி! அதே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொண்டு பிறகு சாவியைக் கொடுங்கள்.