ஜிபிஎஸ் இருந்தும் ஊருக்குள் நுழைய வழி தெரியவில்லை: பழவேற்காடு முகத்துவாரத்தில் என்ன பிரச்னை?

நடுக்கடலில் நேற்று வலை விட்ட இடத்தை இன்று சரியாகக் கண்டுபிடித்துவிடலாம். கையில் ஜிபிஎஸ் கருவி இருக்கிறது. ஆனால் சொந்த ஊருக்குள் நுழையும் வாசல் இன்று எந்தப் பக்கம் திறந்திருக்கிறது? அதை அந்தக் கருவி சொல்லாது. பழவேற்காடு மீனவர்கள் நீண்ட காலமாகப் போராடிவரும் சிக்கல் இதுதான்.

சென்னைக்கு வடக்கே சுமார் 55 கி.மீ. தொலைவில், திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து நாட்டிலேயே பெரிய உவர்நீர் ஏரி இது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் வருகிறது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவில் நீளமான மணல் திட்டு. அதில் இருக்கும் ஒரு திறப்புதான் முகத்துவாரம். ஏரிப் பக்கம் படகைக் கட்டி வைத்திருக்கும் மீனவர்கள் கடலுக்குப் போகவும் வரவும் இந்த வாசலைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

ஜிபிஎஸ் 'பாயின்ட்' என்றால் என்ன?

கடலில் ஓர் இடத்தை அட்சரேகை, தீர்க்கரேகை எண்களாகச் சேமித்து வைப்பதுதான் 'பாயின்ட்'. மீன் கிடைத்த இடம், வலை கிழிக்கும் பாறை, மூழ்கிக் கிடக்கும் படகு என எல்லாவற்றையும் இப்படிக் குறித்து வைக்கலாம். திறந்த வெளியில் சில மீட்டர் வித்தியாசத்துக்குள் அந்த இடத்துக்கே கொண்டுபோய் விட்டுவிடும்.

ஜிபிஎஸ் வருவதற்கு முன்பும் இதே வேலை நடந்தது. கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை, உதாரணமாக ஒரு கலங்கரை விளக்கத்தையும் ஒரு கோபுரத்தையும், ஒரே நேர்க்கோட்டில் வைத்துப் பார்த்து இடத்தைக் கணிப்பார்கள். பெரிய துறைமுகங்களில் கப்பல்களுக்கு வழிகாட்ட முன்னும் பின்னுமாக இரண்டு விளக்குகள் வைப்பதும் இதே கணக்குதான்.

இரண்டு முறைக்கும் ஒரு நிபந்தனை உண்டு. குறித்து வைத்த இடம் நகரக் கூடாது. பாறை நகராது, ஆனால் முகத்துவாரம் நகரும். போன மாதம் ஆழமாக இருந்த பாதையை 'பாயின்ட்' போட்டு வைத்தால், இந்த மாதம் அது படகை நேராக மணல் திட்டில் ஏற்றிவிடலாம்.

வாசல் ஏன் இடம் மாறுகிறது?

அலைகள் கரையில் சாய்வாக மோதும்போது மணலையும் கூடவே இழுத்துச் செல்கின்றன. தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி இந்த மணல் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் திசை திரும்பிவிடுகிறது.

மழைக்காலத்தில் ஆரணி ஆறு, காளங்கி ஆறு வழியாக வெள்ளம் ஏரிக்கு வந்து, மணலைத் தள்ளிக்கொண்டு கடலில் கலக்கும். அப்போது வாசல் அகலமாகத் திறக்கும். கோடையில் ஆற்றில் தண்ணீர் இல்லை, ஏரியும் வற்றும். மணலைத் தள்ள ஆளில்லாததால் வாசல் குறுகும். சில சமயம் மொத்தமாக அடைபட்டுவிடும்.

அடைபட்டால் பாதிப்பு படகுகளுக்கு மட்டுமல்ல. கடலிலிருந்து ஏரிக்குள் வந்து வளர வேண்டிய இறால் குஞ்சுகளும் மீன் குஞ்சுகளும் வெளியிலேயே நின்றுவிடும். ஏரியை மட்டும் நம்பி வலை வீசுபவர்களின் வருமானத்திலும் அடி விழும்.

கடைசி சில நூறு மீட்டர் ஏன் இவ்வளவு ஆபத்து?

ஆழம் குறையக் குறைய அலை செங்குத்தாக எழும்பி உடையும். ஏரியிலிருந்து தண்ணீர் வெளியேறும் நேரத்தில் எதிரே அலை வந்தால், அது இன்னும் உயரமாகும். அந்த இடத்தில் படகு தரை தட்டித் திரும்பிவிட்டால் அடுத்த அலை பக்கவாட்டில் அடிக்கும். ஃபைபர் படகு கவிழ அது ஒன்றே போதும்.

2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாளை இங்கே யாரும் மறக்கவில்லை. சுற்றுலா வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். அதன் பிறகு சுற்றுலாப் படகு சவாரிக்குத் தடை வந்தது. மீனவர்கள் என்ன செய்வார்கள்? அவர்களுக்கு இது தினசரி பாதை.

ராக்கெட் நாளில் வேறு கோடு

ஏரிக்கும் கடலுக்கும் இடையில்தான் ஸ்ரீஹரிகோட்டா தீவு இருக்கிறது. ராக்கெட் ஏவும் நாட்களில், அதன் பாகங்கள் விழ வாய்ப்புள்ள கடல் பகுதி எண்களாகக் குறிக்கப்பட்டு எச்சரிக்கை வெளியாகும். பழவேற்காடு பகுதி மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லப்படும். தேதியும் நேரமும் இடமும் முன்கூட்டியே தெரிந்துவிடுவதால், இந்த ஆபத்துக்கு முன்னேற்பாடு செய்ய முடிகிறது. முகத்துவாரத்துக்கு அப்படி எந்த அறிவிப்பும் கிடையாது.

செயலிகள் கை கொடுக்குமா?

ஓரளவுக்கு. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையம் அலை உயரம், காற்று, நீரோட்டம் பற்றி முன்னறிவிப்பு தருகிறது. சிறிய படகுகளுக்குத் தனி எச்சரிக்கை சேவையும் உண்டு. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் 'மீனவர் நண்பன்' செயலி வழியாகவும் தகவல் கிடைக்கிறது.

இன்று கடல் எப்படி என்பதை இவை சொல்லும். இந்த வாசலில் இன்று எத்தனை அடி ஆழம் என்பதைச் சொல்லாது. அதை நேற்று உள்ளே வந்த படகுக்காரர்தான் சொல்ல வேண்டும். தரவு இல்லாத இடத்தில் செயலியால் எதுவும் செய்ய முடியாது.

கல் சுவர் கட்டினால் சரியாகிவிடுமா?

முகத்துவாரத்தின் இரு பக்கமும் கல் சுவர் அமைத்து வாசலை நிலைப்படுத்தும் திட்டத்தை தமிழக அரசு 26.85 கோடி ரூபாய் மதிப்பில் கையில் எடுத்தது. ஏரி பறவைகள் சரணாலயம் என்பதால் வனவிலங்கு தொடர்பான அனுமதியும் தேவைப்பட்டது. மணலை மட்டும் அள்ளினால் சில மாதங்களில் மீண்டும் அடைபடுகிறது, சுவர்தான் நிரந்தரத் தீர்வு என்பது மீனவர்களின் நீண்ட நாள் கோரிக்கை.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. வடக்கே போகும் மணலைச் சுவர் தடுத்தால், தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் கரை அரிக்கும். தெற்கே எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்கள் வந்த பிறகு கரை அரிப்பு அதிகமானது என்று இங்குள்ள மீனவ கிராமங்கள் புகார் சொல்வதும் இதே காரணத்தால்தான். அதனால் சுவரைக் கட்டுவதோடு வேலை முடியாது, இரு பக்கமும் கரையைத் தொடர்ந்து அளந்து பார்க்க வேண்டும்.

சிலிகாவிலும் வாசல் அடைபட்டு ஏரி நலிந்தது. 2000 செப்டம்பரில் புதிய முகத்துவாரம் வெட்டப்பட்டது. மீன்வளம் மீண்டது. அங்கேயும் அதன் பிறகு கண்காணிப்பு தேவைப்பட்டது.

இப்போதைக்கு என்ன செய்யலாம்?

மணல் நகரும் முகத்துவாரங்களில் உலகின் பல இடங்களில் செய்வது எளிமையான வேலை. பாதை மாறும்போதெல்லாம் ஆழத்தை அளந்து, மிதவைகளை இடம் மாற்றி வைப்பார்கள். பழவேற்காட்டிலும் வாரத்துக்கு ஒருமுறை ஆழம் அளந்து, இரு பக்கமும் ஒளிரும் மிதவை போட்டு, அந்த எண்களை மீனவர்களின் செல்போனுக்கு அனுப்ப முடியும். இதற்குக் கல் சுவர் அளவுக்குச் செலவாகாது.

இருட்டில் கரை திரும்பும் படகுக்கு, கடலில் 20 கி.மீ. தூரம் எப்படி வந்தோம் என்பது பெரிய விஷயமில்லை. வாசல் எங்கே என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.