மாமாவின் குரல்

சென்ற வாரம் ஒரு நாள் மத்தியானம். சமையலறையை ஒழித்துவிட்டுச் சற்றுத் தலையைச் சாய்க்கலாம் என்று போன சமயம், அடுத்த வீட்டு மாமி அரக்கப் பரக்க வந்து நின்றாள். கையில் லாப்டாப்.

"ஏண்டியம்மா, இதற்குள்ளே 'டிக் டிக்'கென்று என்னமோ அடித்துக்கொள்கிறது. திறக்கவே அரை மணி ஆகிறது. கடைக்காரன் ஆயுசு முடிந்துவிட்டது, புதிசு வாங்குங்கள் என்கிறான். மாமா பேத்திக்குக் கதை சொன்னதெல்லாம் இதிலேதானே இருக்கிறது!" என்றாள். மாமா காலமாகி மூன்று வருஷமாகிறது.

சகோதரிகளே, ஆயுசு முடிந்தது லாப்டாப்புக்கு அல்ல. அதன் வயிற்றிலுள்ள ஹார்ட் டிஸ்குக்கு. குழாய் கெட்டால் வீட்டையா விற்கிறோம்?

அந்தப் பெட்டிக்குள் ஒரு தட்டு, சாதாரணமாக நிமிஷத்துக்கு 5,400 தடவை சுற்றுகிறது. அதைத் தொடாமல், மயிரிழை உயரத்துக்கும் கீழே மிதந்தபடி ஒரு முனை எழுத்தைப் படிக்கிறது. அது தடுமாறும்போதுதான் 'டிக் டிக்'. அந்தச் சத்தம் கேட்டால் சும்மாச் சும்மா போட்டு அணைக்காதீர்கள். எது போனால் திரும்ப வராதோ, அதை முதலில் வேறொரு டிஸ்கில் நகல் எடுங்கள். நாங்கள் மாமாவின் குரலை முதலிலும், கல்யாணப் படங்களை அடுத்தும் எடுத்தோம். சினிமாக்கள் கடைசி. டிஸ்கே கண்ணில் படவில்லை என்றால் கைவைத்தியம் வேண்டாம். அழிந்த தகவலை மீட்கும் நிபுணரிடம் கொடுத்துவிடுங்கள்.

இனி புதிசு வாங்குவது. சுற்றும் தட்டே இல்லாத எஸ்.எஸ்.டி.யை வாங்குவது உத்தமம். வேகம் அதிகம், சத்தம் கிடையாது. ஆனால் ரவிக்கைக்கு அளவு போல இதற்கும் அளவு உண்டு. பழைய லாப்டாப்புகளில் இருப்பது 2.5 அங்குல 'ஸாட்டா' வகை. கனம் 7 மில்லிமீட்டரா, 9.5 மில்லிமீட்டரா என்று பாருங்கள். மெல்லியது அகல இடத்தில் அடங்கும். தடித்தது குறுகிய இடத்தில் நுழையாது. புதிய லாப்டாப்புகளில் சூயிங்கம் வில்லை போன்ற 'எம்.2' இருக்கும். அதிலும் 'ஸாட்டா', 'என்.வி.எம்.இ.' என்று இரண்டு ஜாதி. பார்க்க அக்கா தங்கை மாதிரி. ஒன்றின் இடத்தில் மற்றது வேலை செய்யாமல் போகலாம். சில லாப்டாப்புகளில் டிஸ்கைப் பலகையோடு பற்றவைத்தே விடுகிறார்கள். அதை மாற்ற முடியாது. ஆகவே மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

மாட்டுவது பிரமாதமில்லை. அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பாட்டரியைக் கழற்றுங்கள். அது உள்ளேயே இருந்தால், மூடியைத் திறந்ததும் அதன் இணைப்பை முதலில் எடுங்கள். ஏதாவது உலோகத்தைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். உடம்பிலுள்ள நிலைமின்சாரம் உள்ளே பாயக் கூடாது. கழற்றிய திருகாணிகளை ஒரு காகிதத்தில், இருந்த இடப்படியே வரிசையாக வையுங்கள். பழைய டிஸ்கைப் பக்கவாட்டில் மெதுவாக இழுத்தால் வந்துவிடும். அதைச் சுற்றியுள்ள தகரச் சட்டத்தைப் புதியதற்கு மாட்டி, வந்த வழியே தள்ளுங்கள். பலாத்காரம் கூடவே கூடாது.

பழைய டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் அதை அப்படியே பிரதி எடுக்கலாம். மாமியுடையது நோயாளி, ஆகையால் பென் டிரைவிலிருந்து விண்டோஸைப் புதிதாகவே ஏற்றினோம்.

1956-இல் ஐ.பி.எம். கம்பெனி செய்த முதல் டிஸ்க் யந்திரத்தில் இரண்டடி அகலத்தில் ஐம்பது தட்டுகள்! அத்தனையும் சேர்ந்து கொண்டது ஐம்பது லட்சம் எழுத்துக்கள்தான். மாமாவின் கதைகளுக்கு அது போதாது.

சாயங்காலம் லாப்டாப் ஒரு நிமிஷத்துக்குள் விழித்துக்கொண்டது. "ஒரு ஊரிலே ஒரு நரி..." என்று மாமாவின் குரல் கேட்டது. மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னொரு நகல் எடுத்து உன் வீட்டிலேயும் வைத்துக்கொள்ளடி, அம்மா" என்றாள்.

மாமி சொன்னதுதான் சரி. உயிரானது எதுவும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது.