பதிவேட்டில் மட்டும் உயிர் வாழும் வாகனங்கள்

லண்டனில் வாழும் என் நண்பர் ஒருவர் 1960களில் செய்யப்பட்ட வொக்ஸ்வாகன் வான் ஒன்றை வாங்கிப் புதுப்பித்திருக்கிறார். உள்ளே மடக்குக் கட்டிலும் சிறு அடுப்பும் உண்டு. அந்த வகை வான்கள் பிரித்தானியாவில் இன்னும் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்பதைப் பெருமையோடு எனக்குச் சொன்னார். அங்கே இது பெரிய வித்தையன்று. வீதியில் ஓடும் வாகனம் ஆண்டுதோறும் உரிமம் பெறவேண்டும். ஓடாமல் கொட்டகையில் கிடந்தால் அதையும் உரிமையாளர் அறிவிக்க வேண்டும். நாற்பது வயதைக் கடந்தால் வரி இல்லை, ஆனால் கணக்கு உண்டு. அந்தக் கணக்கை அரசே வெளியிடுகிறது. சொல்லி முடித்துவிட்டு நண்பர் கேட்டார்: "வன்னிப் பக்கம் பழைய வாகனங்கள் ஏதும் மிஞ்சி இருக்கோ?"

கேள்வி அப்பாவித்தனமானது. எனக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை.

வன்னியிலும் மக்கள் வாகனத்தில் குடியிருந்தார்கள். விடுமுறைக்காக அல்ல. 2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி வீழ்ந்தது. அதற்கு முன்பும் பின்பும் பரந்தன் – முல்லைத்தீவு வீதி வழியே தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, இரணைப்பாலை, மாத்தளன் என்று நகர்ந்து முள்ளிவாய்க்காலில் முடிந்த அந்த ஊர்வலத்தில் உழவு இயந்திரப் பெட்டியே வீடு. மேலே தறப்பாள், உள்ளே கிழவிகளும் குழந்தைகளும், கூரைத்தகரம், கதவுநிலை, நெல்மூட்டை, கட்டிவைத்த கோழி. தரித்த இடத்தில் பெட்டிக்குப் பக்கத்திலேயே பதுங்கு குழி. லான்ட்மாஸ்டர், இ.போ.ச. பஸ், ஹயஸ் வான், ஓடாத காரைக் கயிறு கட்டி இழுத்துச் சென்றவர்கள், சைக்கிள், மோட்டார் சைக்கிள். மே மாதத்தில் எல்லாவற்றையும் மணலில் விட்டுவிட்டு உயிரை மட்டும் எடுத்துக்கொண்டு சனம் களப்பைக் கடந்தது. குவியல் குவியலாகத் துருவேறிக் கிடந்த அந்த வாகனங்களின் படங்களை உலகமே பார்த்தது. எண்ணியவர் யார்?

அவற்றுள் சில வெறும் இரும்பு அல்ல என்பதை இளைய வாசகர்களுக்குச் சொல்லவேண்டும். 1990இல் எரிபொருள் தடை வந்தபோது யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் போக்குவரத்தைக் காப்பாற்றியவை ஒஸ்ரின் ஏ40, கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் போன்ற கிழட்டுக் கார்கள்தான். அவற்றின் இயந்திரத்தில் அமுக்க விகிதம் ஏழுக்கு ஒன்று என்ற அளவிலேயே இருக்கும். ஆகவே தரம் குறைந்த எரிபொருளையும் சகித்துக்கொள்ளும். சிறு போத்தலில் காத்துவைத்த பெற்றோலைச் சில துளிகள் விட்டு இயந்திரத்தை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெண்புகை எழும், பிளக் கரிபிடிக்கும், மண்ணெண்ணெய் கசிந்து இறங்கி இயந்திர எண்ணெயை நீராக்கிவிடும். எங்கள் மெக்கானிக்குகள் அதற்கும் வழி கண்டார்கள். கர்ப்பிணிகளையும் காயக்காரரையும் வைத்தியசாலைக்குக் கொண்டு சேர்த்தவை அந்தக் கார்கள். அந்தக் கைவேலையை எழுதிவைத்த பொறியியற் பீடம் எதையும் நான் கண்டதில்லை.

அவற்றின் இலக்கத் தகடுகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1958இன் தொடக்கத்தில் தமிழ்ப் பகுதிகளில் தார் பூசப்பட்ட அந்தச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்தைத் தாங்கியவை அவற்றிற் பல. எழுத்துக்கு எதிராகப் போராடிய சமூகம், அதே எழுத்தைத் தாங்கிய கார்களை மண்ணெண்ணெய் ஊற்றிப் பேணியது. ஒரு முரண், நிற்க.

என் அத்தானிடம் ஒரு ஏ40 இருந்தது. இரணைப்பாலை வரை இழுத்துச் சென்று அங்கே விட்டார். முகாமிலிருந்து வெளியே வந்தபின் பதிவுப் புத்தகத்தோடு ஒரு அலுவலகத்துக்குப் போனார். காரைக் கொண்டுவந்து காட்டினால் பார்க்கலாம் என்றார்கள். கார் எங்கே என்று அறியத்தானே அவர் போனார்! பதிவை நீக்கவும் அவருக்கு மனமில்லை. ஆகவே அந்தக் கார் இன்றும் கோப்பில் உயிரோடு இருக்கிறது. நண்பரின் கேள்விக்குப் பதிவேட்டை நம்பி விடை சொன்னால், வன்னி வாகனங்கள் அனைத்தும் சுகமே.

போருக்குப் பிந்திய ஆண்டுகளில் ஏ9 வீதியால் தெற்கே போன பழைய இரும்பு லொறிகளை நானே பார்த்தேன். உள்ளே நசுங்கிக் கிடந்தவை யாருடையவை? அவற்றின் அடிச்சட்ட இலக்கங்களை எவராவது குறித்துக்கொண்டார்களா? குறித்திருந்தால் அந்தப் பட்டியலை வெளியிடுங்கள். குறிக்கவில்லை என்றால் அதையாவது வாய்திறந்து சொல்லுங்கள்.

ஆட்களே இல்லை, வாகனத்தைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் என்னைக் கடிந்தார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப், நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் ஒரு கணக்கை வைத்தார். 2008 அக்டோபரில் கச்சேரிகளின் கணக்குப்படி வன்னியில் இருந்தோர் 429,059. அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 282,380. மீதி 146,679 பேர் எங்கே என்று கேட்டார். கேட்டவரும் 2021இல் மறைந்துவிட்டார். சனத்தொகைக் கணக்கு ஊதிப் பெருக்கப்பட்டது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அடிச்சட்டத்தில் அடித்த இலக்கத்தை அப்படிச் சொல்ல முடியாது. ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஓர் உரிமையாளர். அவர் இருக்கிறாரா இல்லையா என்பது அடுத்த கேள்வி. அந்த அடுத்த கேள்விக்கு அஞ்சித்தான் முதற் கேள்வியே கேட்கப்படவில்லை என்பது என் குற்றச்சாட்டு.

நம்மவரையும் விடுவதற்கில்லை. 2020இல் இறக்குமதித் தடை வந்து பழைய வாகனங்களுக்கெல்லாம் விலை ஏறியபோது, தப்பிக் கிடந்த ஒன்றிரண்டையும் விற்றுத் தள்ளினோம். தந்தையின் மொறிஸ் மைனரை ஊரில் கொடுத்துவிட்டு, லண்டனில் மகளின் கலியாணத்துக்கு அதே மொறிஸ் மைனரை வாடகைக்கு எடுத்த ஒருவரை அறிவேன். படம் பிடித்து எனக்கும் அனுப்பினார்.

நண்பருக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. அத்தானின் பதிவுப் புத்தகத்தைப் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று பெட்டிக்குள் கிடக்கும். எடுத்து இலக்கத்தையும், கடைசியாக வாகனத்தை எங்கே விட்டீர்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.